சி.டி. டிரைவ் இல்லாத பழைய கணிப்பொறியில் இயங்குதளம் நிறுவுதல்

முன்னுரை

மின்சாரம் கொடுத்தவுடன் கணிப்பொறி தானாகவே வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், இயங்குதளம் எனப்படும் அடிப்படை மென்பொருள் உள்ளே இல்லாவிட்டால், கருந்திரையில் ஒரு வரியைக் காட்டிவிட்டு அது நின்றுவிடும். அந்த இயங்குதளத்தை ஏற்றுவதற்கு நெடுங்காலம் சி.டி.யே பொதுவழியாக இருந்து வந்தது. ஆகவே, சி.டி. டிரைவ் பழுதாகிவிட்ட கணிப்பொறியும், தயாரிக்கப்பட்டபோதே அது இல்லாமல் வந்த சிறிய மடிக்கணிப்பொறியும், ‘இதில் இனி ஒன்றும் ஏற்ற முடியாது’ என்ற தீர்ப்போடு பொருள் அறையின் மூலைக்குப் போய்ச் சேர்கின்றன.

இத்தீர்ப்பு பெரும்பாலும் பொருந்தாது என்பதே என் கருத்து. செய்முறை வகுப்புகளில் மாணவர்களுடன் சேர்ந்து இத்தகைய பொறிகள் சிலவற்றை மீண்டும் இயங்கச் செய்திருக்கிறேன். அப்போது பயன்பட்ட முறைகளையும், அவற்றுக்கு அடிப்படையான தத்துவத்தையும் இக்கட்டுரையில் முறைப்படக் கூற முயல்கிறேன்.

இரண்டு தேவைகள்

நிறுவுதல் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலைகள் அடங்கியுள்ளன. ஒன்று, வெறுமையாக இருக்கும் பொறிக்கு முதல் கட்டளைகளைக் கொடுத்து அதனைத் தொடங்கி வைப்பது. மற்றொன்று, இயங்குதளத்தின் கோப்புகள் அனைத்தையும் அப்பொறிக்கு எட்டும் இடத்தில் கொண்டுவந்து வைப்பது. முதல் வேலை சில நூறு பைட்டுகளில் தொடங்கிவிடும். இரண்டாவதற்குப் பல நூறு மெகாபைட்டுகள் வேண்டும்.

குடம் நிறையப் பால் இருந்தாலும் உறைமோர் இல்லாமல் அது தயிராவதில்லை. உறைமோரோ ஒரு கரண்டிதான். நம் வீட்டில் இல்லையென்றால் அடுத்த வீட்டில் வாங்கிக்கொள்ளலாம். பாலும் உறைமோரும் ஒரே வீட்டிலிருந்து வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சி.டி. இவ்விரண்டையும் ஒரே தகட்டில் வைத்துக் கொடுத்தது. அதனால் இரண்டும் ஒன்றே என்ற மயக்கம் நமக்கு உண்டாயிற்று. ‘இந்தப் பொறியைத் தொடங்கி வைப்பது எது? பொருளைக் கொண்டுவந்து சேர்ப்பது எது?’ என்று தனித்தனியே கேட்டுப் பார்த்தால் வழிகள் பல புலப்படும்.

முதல் 512 பைட்டுகள்

தொடக்கம் எவ்வாறு நிகழ்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். பழைய கணிப்பொறியின் தாய்ப்பலகையில் பயாஸ் என்னும் நிரல் ஒரு சில்லில் நிலையாகப் பதிந்துள்ளது. மின்சாரம் வந்தவுடன் அது நினைவகம், விசைப்பலகை, திரை ஆகியவற்றைச் சரிபார்க்கிறது. பிறகு பிளாப்பி, வன்தட்டு முதலியவற்றை, நாம் குறித்து வைத்த வரிசைப்படி நாடுகிறது. ஒவ்வொன்றிலும் அது படிப்பது முதல் 512 பைட்டுகளை மட்டுமே. அவற்றின் கடைசி இரண்டு பைட்டுகளில் 85, 170 என்னும் எண்கள் இருந்தால், ‘இங்கே தொடக்க நிரல் உள்ளது’ என்று கொண்டு, பொறியின் ஆட்சியை அந்நிரலிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

வன்தட்டின் முதல் 512 பைட்டுகளில் 446 பைட்டுகள் தொடக்க நிரலுக்கு உரியவை. அடுத்த 64 பைட்டுகள், தட்டு எந்தெந்தப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது என்று கூறும் அட்டவணை. ஒரு பகுதிக்கு 16 பைட்டாக நான்கு பகுதிகளுக்கு அதில் இடம் உண்டு. எஞ்சிய இரண்டும் மேற்கூறிய அடையாளம். 446 பைட்டுகளுக்குள் ஓர் இயங்குதளம் அடங்காது. எனவே அச்சிறு நிரல் தன்னைவிடப் பெரிய நிரல் ஒன்றை அழைக்கிறது. அது அதனினும் பெரியதை அழைக்கிறது. இவ்வாறு படிப்படியாக இயங்குதளம் நினைவகத்தில் வந்து அமர்கிறது. காலணியின் வாரைத் தானே பற்றித் தன்னைத் தானே தூக்கிக்கொள்வதைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரிலிருந்துதான் ‘பூட்’ என்ற சொல் பிறந்தது.

இவ்வளவு விளக்கம் எதற்கு என்று கேட்கலாம். மாணவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் சிக்கல் ஒன்று இதனால் தீர்கிறது. இணையத்திலிருந்து இறக்கிய ஐ.எஸ்.ஓ. கோப்பைப் பென் டிரைவில் சாதாரணக் கோப்பைப் போல நகலெடுத்து வைத்துவிட்டு, ‘கோப்பு முழுமையாக இருக்கிறது, பொறி ஏன் தொடங்கவில்லை?’ என்று அவர்கள் கேட்பதுண்டு. பயாஸுக்குக் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது முதல் 512 பைட்டுகளே. கோப்பாக நகலெடுக்கும்போது அவ்விடம் மாறுவதில்லை. ஆகவே கோப்பின் உள்ளடக்கத்தை முதல் பைட்டிலிருந்து அப்படியே வட்டின்மேல் எழுத வேண்டும். லினக்சில் உள்ள ‘டிடி’ என்னும் கட்டளை இதைத்தான் செய்கிறது.

சி.டி.க்கு முற்பட்ட காலம்

சி.டி. இல்லாமல் நிறுவுவது ஏதோ குறுக்குவழி என்று சிலர் நினைக்கின்றனர். வரலாற்றைப் பார்த்தால் சி.டி.தான் பின்னால் வந்து சேர்ந்தது. 1975இல் வெளிவந்த ஆல்டேர் 8800 என்னும் கணிப்பொறியில் விசைப்பலகைகூட இல்லை. முன்பக்கத்தில் இருந்த சிறு சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி, தொடக்க நிரலைக் கையாலேயே உள்ளே செலுத்தினார்கள். அதன்பின் பேசிக் மொழி காகித நாடாவிலிருந்து ஏறியது. தொடக்கம் கையிலிருந்தும், பொருள் நாடாவிலிருந்தும் வந்தன. நாம் மேலே பிரித்துக் காட்டிய இரண்டு தேவைகளும் அங்கே கண்ணெதிரே தனித்தனியாக இருந்தன.

1981இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் பி.சி. வந்தபின் பிளாப்பியே இரண்டு வேலைகளையும் செய்தது. பிற்காலத்து 3.5 அங்குலப் பிளாப்பிக்கு இரண்டு பக்கங்கள்; பக்கத்துக்கு 80 தடங்கள்; தடத்துக்கு 18 பகுதிகள்; பகுதிக்கு 512 பைட்டுகள். பெருக்கினால் 14,74,560 பைட்டுகள் வரும். 650 மெகாபைட் கொண்ட ஒரு சி.டி.யின் பொருளை இத்தகைய பிளாப்பிகளில் நிரப்பினால் 463 பிளாப்பிகள் வேண்டும். 1995 ஆகஸ்டில் வெளிவந்த விண்டோஸ் 95, பிளாப்பியில் விற்கப்பட்டபோது, வழக்கத்தைவிட நெருக்கமாக எழுதப்பட்ட 13 பிளாப்பிகளில் வந்தது. ஒன்று கெட்டாலும் நிறுவுதல் பாதியில் நின்றுவிடும்.

1990களின் நடுப்பகுதி வரை, சி.டி. டிரைவ் உள்ள கணிப்பொறியும்கூடப் பொதுவாகச் சி.டி.யிலிருந்து தொடங்காது. பிளாப்பியிலிருந்து தொடங்கி, சி.டி.யைப் படிக்கும் நிரலை ஏற்றிக்கொண்டு, அதன்பிறகே சி.டி.யை நாடும். 1995இல் வகுக்கப்பட்ட ‘எல் டொரிட்டோ’ என்னும் விதிமுறையே இக்குறையைத் தீர்த்தது. சி.டி.க்குள் ஒரு பிளாப்பியின் பிம்பத்தை வைத்து, அதையே உண்மைப் பிளாப்பி என்று பயாஸை நம்பவைப்பது அம்முறையின் முக்கியமான உத்தி.

கைக்கொள்ளத்தக்க வழிகள்

முதலாவது, பென் டிரைவ். பயாஸ் அமைப்பில் யூ.எஸ்.பி.யிலிருந்து தொடங்கும் வசதி உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் வேலை எளிது. 2000ஆம் ஆண்டையொட்டிய பொறிகள் பலவற்றில் யூ.எஸ்.பி. துளை இருந்தும் இவ்வசதி இருக்காது. அங்கே ‘பிளாப் பூட் மேனேஜர்’ போன்ற சிறு நிரலைப் பிளாப்பியில் எழுதி, அதிலிருந்து தொடங்கினால், அது பென் டிரைவைத் தேடிச் சென்று ஆட்சியை ஒப்படைக்கும். உறைமோர் பிளாப்பியிலிருந்தும் பால் பென் டிரைவிலிருந்தும் வருகின்றன. பழைய யூ.எஸ்.பி. 1.1 விநாடிக்கு 12 மெகாபிட், அதாவது 1.5 மெகாபைட்டுக்கு மேல் கொண்டுவராது. 600 மெகாபைட் வந்து சேர 400 விநாடிகளுக்குக் குறையாது. நடைமுறையில் இன்னும் கூடும். பொறுமை வேண்டும்.

இரண்டாவது, வன்தட்டைக் கழற்றுவது. தட்டை எடுத்து, நல்ல நிலையில் உள்ள வேறு கணிப்பொறியில் இணைத்து, அங்கேயே இயங்குதளத்தை நிறுவி மீண்டும் பொருத்தலாம். மேசைக்கணிப்பொறியின் ஐ.டி.இ. தட்டுக்கு 40 ஊசிகள், மடிக்கணிப்பொறியின் 2.5 அங்குலத் தட்டுக்கு 44 ஊசிகள். மின்சாரமும் அதே இணைப்பின் வழியாகச் செல்வதால் இந்த வேறுபாடு. இரண்டுக்கும் யூ.எஸ்.பி. இணைப்பிகள் உண்டு. லினக்ஸ் தொடங்கும்போதே எதிரில் உள்ள பாகங்களை ஆராய்ந்து கொள்வதால் இம்முறை அதற்குப் பெரும்பாலும் ஒத்துவரும். ஆனால் வேறு பொறியில் தட்டின் பெயர் மாறிவிடக்கூடும் என்பதால், பகுதிகளைப் பெயரால் குறிக்காமல் அவற்றின் தனி அடையாள எண்ணால் குறிப்பது நல்லது. விண்டோஸ் எக்ஸ்பி போன்றவை, தட்டைக் கட்டுப்படுத்தும் சில்லு வேறாக இருந்தால் நீலத் திரையைக் காட்டி நின்றுவிடும்.

மூன்றாவது, உள்ளேயே இருக்கும் பழைய இயங்குதளம். இதைப் பலர் மறந்துவிடுகின்றனர். பொறியில் டாஸ் உயிரோடு இருந்தால் அதுவே தொடங்கி வைப்பவர் ஆகிவிடுகிறது. ‘லோட்லின்’ என்னும் நிரல் டாஸிலிருந்தே லினக்சை எழுப்பும். விண்டோஸ் எக்ஸ்பியின் கோப்புறையை வன்தட்டில் நகலெடுத்து வைத்துவிட்டு, டாஸிலிருந்தே நிறுவுதலைத் தொடங்கவும் ஏற்பாடு இருந்தது. பழைய லினக்ஸ் இருந்தால் இன்னும் எளிது. டெபியனின் நிறுவுநிரலையும் ஐ.எஸ்.ஓ. கோப்பையும் வன்தட்டின் ஒரு தனிப் பகுதியில் வைத்து, தொடக்கப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும். கோப்பு இருக்கும் பகுதி நிறுவும்போது பயன்பாட்டில் இருப்பதால், புதிய இயங்குதளத்துக்கு வேறு பகுதியை ஒதுக்க வேண்டும்.

நான்காவது, வலையமைப்பு. என் அனுபவத்தில் மாணவர்க்கு மிகுதியும் கற்றுத்தருவது இதுவே. ஆகவே இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

வலையின் வழியே நிறுவுதல்: ஒரு செய்முறை

எங்கள் செய்முறை வகுப்பில் எடுத்துக்கொண்ட பொறி ஒரு பென்டியம் 4. நினைவகம் 512 மெகாபைட். வன்தட்டு 40 கிகாபைட். சி.டி. டிரைவ் வேலை செய்யவில்லை. பயாஸ் பட்டியலில் யூ.எஸ்.பி. என்ற சொல்லே இல்லை. ஆனால் தாய்ப்பலகையிலேயே வலையிணைப்பு இருந்தது. பயாஸின் உட்பகுதியில், வலையிலிருந்து தொடங்கும் வசதி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதை இயக்கினோம். இது பி.எக்ஸ்.இ. எனப்படும். இன்டெல் நிறுவனம் 1999இல் வெளியிட்ட இதன் 2.1 பதிப்பைப் பிற்காலப் பொறிகள் பலவும் பின்பற்றின.

என் மடிக்கணிப்பொறியையும் அப்பழைய பொறியையும் ஒரு சிறு ஸ்விட்சில் இணைத்தோம். மடிக்கணிப்பொறியில் ‘டிஎன்எஸ்மாஸ்க்’ என்னும் நிரல் ஓடிக்கொண்டிருந்தது. பழைய பொறியை இயக்கியவுடன், அதன் வலையட்டை தனக்கே உரிய 48 பிட் எண்ணைச் சொல்லி, ‘எனக்கு ஒரு முகவரி தருவார் யார்?’ என்று வலை முழுவதும் கேட்டது. இக்கேள்வி கேட்கும் முறைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். மடிக்கணிப்பொறி அதற்கு ஒரு முகவரியையும், தொடக்க நிரலின் பெயரையும், அது கிடைக்கும் இடத்தையும் விடையாக அனுப்பியது. பிறகு டி.எஃப்.டி.பி. என்னும் எளிய முறையில் நிரல் வந்து சேர்ந்தது.

இந்த டி.எஃப்.டி.பி. மிகவும் பழைமையானது. அடிப்படை விதிப்படி அது 512 பைட்டுகளாகத் துண்டுபோட்டு அனுப்பும். ஒவ்வொரு துண்டுக்கும் ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற விடை வந்தால்தான் அடுத்த துண்டு புறப்படும். 20 மெகாபைட் கோப்புக்கு இவ்வாறு 40,960 துண்டுகள் ஆகின்றன. பின்னர் வந்த விரிவாக்கத்தால் துண்டின் அளவைக் கூட்டவும் முடியும். மெதுவானதுதான், ஆனால் அட்டையில் உள்ள சிறு சில்லுக்குள் அடங்கும் அளவுக்கு எளியது. எளிமையே அதன் பலம்.

அப்போது ஒரு மாணவி கேட்டார்: “சார், இந்தப் பொறிக்குள் ஒன்றுமே இல்லை என்றீர்கள். அப்படியானால் முதல் கேள்வியைக் கேட்டது யார்?” அன்றைய வகுப்பில் எழுந்த மிகச் சிறந்த வினா அது. தாய்ப்பலகையின் சில்லில் நிலையாகப் பதிந்துள்ள சிறு நிரலே அக்கேள்வியைக் கேட்டது என்று விளக்கினேன். எத்தனை வெறுமையான பொறியானாலும், கேட்கத் தெரிந்த ஒரு சிறு நிரல் அதற்குள் இருந்தாக வேண்டும். ஆல்டேரில் அவ்விடத்தை மனிதனின் கை நிரப்பியது. இங்கே சில்லு நிரப்புகிறது. வலையட்டையில் அந்நிரல் இல்லாத பொறிகளுக்கு ‘ஐ.பி.எக்ஸ்.இ.’ என்னும் கட்டற்ற மென்பொருளைப் பிளாப்பியில் எழுதிப் பயன்படுத்தலாம்.

தொடக்க நிரலைத் தொடர்ந்து லினக்சின் கருவும் டெபியன் 12இன் நிறுவுநிரலும் வந்தன. அதன்பின் நிறுவுநிரல், மடிக்கணிப்பொறியின் வழியாக இணையத்தை அடைந்து, தேவையான தொகுப்புகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டது. வகுப்பு முடியும் நேரத்தில் எளிய எல்.எக்ஸ்.டி.இ. திரை தோன்றியது. தமிழ்நாடு அரசு 1999இல் தரப்படுத்திய தமிழ் 99 விசைப்பலகை முறையையும் சேர்த்துக்கொண்டு, மாணவர்கள் தத்தம் பெயரைத் தமிழில் அடித்துப் பார்த்தனர்.

எந்த இயங்குதளம் பொருந்தும்?

பழைய பொறிக்கு எதையும் ஏற்றலாம் என்பதில்லை. முதலில் நடுச்செயலகம் எத்தனை பிட் என்று பார்க்க வேண்டும். 2023இல் வந்த டெபியன் 12, 32 பிட் பொறிகளுக்கான நிறுவுநிரலுடன் வெளிவந்தது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் அந்நிறுவுநிரல் இல்லை. 386 வகைச் சில்லுகளுக்கான ஆதரவை லினக்ஸ் கரு 2013இல், 3.8 பதிப்போடு கைவிட்டது. பென்டியம் எம் சில்லுகள் சிலவற்றில், பெரிய நினைவகத்தைக் கையாளும் பி.ஏ.இ. என்னும் வசதி உள்ளே இருந்தும் வெளியில் அறிவிக்கப்படுவதில்லை. அவற்றுக்குத் தொடக்கத்தில் ஒரு தனிக் குறிப்புச் சொல் சேர்க்க வேண்டியிருக்கும். 486 போன்ற மிகப் பழைய பொறிகளுக்கு நெட்பிஎஸ்டி உண்டு. டாஸ் காலத்து நிரல்களைக் கற்க ஃப்ரீடாஸ் போதும். 2022இல் வெளிவந்த அதன் 1.3 பதிப்பில் பிளாப்பிகளாலேயே நிறுவும் தொகுப்பும் இருந்தது.

கவனிக்க வேண்டியவை

1. வன்தட்டில் என்ன இருக்கிறது என்று பாராமல் எதையும் அழிக்கக் கூடாது. பழைய தட்டில் ஒருவருடைய ஆய்வேடோ, குடும்பப் புகைப்படங்களோ, ஒரு துறையின் மதிப்பெண் பதிவுகளோ இருக்கலாம். உரியவரைக் கேட்டு நகலெடுத்துக் கொடுத்தபின்பே நிறுவுதலைத் தொடங்க வேண்டும். இழந்த இயங்குதளத்தை மீண்டும் பெறலாம். இழந்த புகைப்படத்தைப் பெற இயலாது.

2. தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவ 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கும். அதனால் நாளும் நேரமும் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றிருக்கும். தேதி தவறாக இருந்தால், இணையச் சான்றிதழ்களையும் தொகுப்புகளின் கையொப்பங்களையும் நிறுவுநிரல் ஏற்காது. பேட்டரியை மாற்றிவிட்டுத் தேதியைச் சரிசெய்வதே முதல் வேலை.

3. கல்லூரியின் பொது வலையில் இரண்டாவது டி.எச்.சி.பி. சேவையைத் திறந்துவிடக் கூடாது. பிற துறைகளின் கணிப்பொறிகள் தவறான முகவரியைப் பெற்றுத் தடுமாறும். தனி ஸ்விட்சிலேயே இச்செய்முறையை நடத்த வேண்டும்.

4. பழைய பயாஸ்கள் பெரிய தட்டுகளை முழுமையாகக் காண்பதில்லை. 28 பிட் முகவரி முறையின் எல்லை ஏறத்தாழ 137 கிகாபைட். பெரிய தட்டைப் பொருத்தினால், தொடக்கக் கோப்புகள் உள்ள பகுதியைத் தட்டின் முன்பக்கத்திலேயே அமைக்க வேண்டும்.

5. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டே பெட்டியைத் திறக்க வேண்டும். பாகங்களைத் தொடுவதற்கு முன் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலில் உள்ள நிலைமின்சாரத்தை நீக்கிக்கொள்ள வேண்டும்.

6. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன இயங்குதளத்தை நிறுவினால், அப்பொறியை இணையத்தில் இணைக்காமல் தனியாக வைத்திருப்பதே முறை.

முடிவுரை

பழைய பொறிகள் எல்லாவற்றையும் காப்பாற்றியாக வேண்டும் என்று நான் வாதிடவில்லை. அவை மின்சாரத்தை மிகுதியாக உண்பவை. இன்றைய இணையப் பக்கங்களின் சுமையை அவற்றால் தாங்க இயலாது. தாய்ப்பலகை கெட்ட பொறியை, 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்பதே சரி. ஆனால் சி.டி. டிரைவ் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பொறியைக் கழிப்பது, வாசல் கதவு திறக்கவில்லை என்று வீட்டையே இடிப்பது போன்றது.

இதனினும் முக்கியமானது ஒன்று உண்டு. நம் கல்லூரிக்கு வரும் மாணவர் பலருடைய வீட்டில் கணிப்பொறி இல்லை. ஆய்வுக்கூடத்தின் புதிய பொறிகளைத் திறந்து பார்க்க அவர்களை நாம் அனுமதிப்பதும் இல்லை. அவர்கள் அச்சமின்றிக் கை வைத்து, அழித்து, மீண்டும் எழுப்பிப் பார்க்கக்கூடியது, பொருள் அறையில் கிடக்கும் பழைய பொறி ஒன்றே. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிவடைந்தபின், நன்றாக இயங்கும் பொறிகள் பலவும் அவ்வறையை நோக்கி வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பென் டிரைவே போதும்; முறை ஒன்றுதான்.

எனவே மாணவ நண்பர்கள், ஏலத்துக்குக் காத்திருக்கும் பொறிகளில் ஒன்றைத் துறைத்தலைவரின் இசைவோடு கேட்டுப் பெறுவார்களாக. அதனைத் தொடங்கி வைப்பது எது, அதற்குப் பொருளைக் கொண்டுவருவது எது என்ற இரண்டு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வேலையைத் தொடங்குவார்களாக. விடை கிடைக்காத பொறிகள் மிகச் சிலவே என்பதை அவர்கள் தம் கைகளாலேயே கண்டறிவர்.